யாகப்பன் எண்ணெய் அடித்தான்

எர்ணாவூர் தாண்டி, சாலை மணலோடு மணலாகிப் போகிற இடத்தில் அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. நின்றது என்று சொல்வதுகூடத் தப்பு. பின் சக்கரம் பூட்டுப் போட்டாற்போல் சட்டென்று இறுகியது. வண்டி பத்துப் பதினைந்தடி தூரம் மணலைக் கீறிக்கொண்டு போய், பக்கத்தில் பூட்டிய ஆள் உட்காரும் தொட்டியோடு சேர்ந்து திரும்பி, ஒரு பனைமரத்துக்கு இரண்டடி முன்னால் அடங்கியது.

பகல் பதினொரு மணி இருக்கும். சுள்ளென்ற வெயில், உப்புக் காற்று. எண்ணெய் இல்லாமல் கருகின எஞ்சினுக்கு ஒரு நாற்றம் உண்டு. துறைமுகப் பட்டறையில் வேலை செய்தவனுக்கு அது அத்துப்படி. அந்த நாற்றம் அன்றைக்கு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுகிறேன். பிறகு வார்த்தை மாற எனக்கே இடம் கொடுக்கக் கூடாது.

வண்டியில் மூன்று பேர் இருந்தோம். தொட்டியில் எங்கள் ராயபுரம் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியார். நல்ல கனத்த சரீரம். மார்போடு ஒரு சின்னத் தோல் பையை அணைத்துக்கொண்டிருந்தார். ஓட்டி வந்தவன் யாகப்பன். அவன்தான் எங்கள் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பூசைக்கு உதவுவது, சாமியாருக்கு வண்டி ஓட்டுவது எல்லாம் அவன் வேலை. அவனுக்குப் பின்னால் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தவன் நான், துறைமுகப் பட்டறையில் பிட்டர் வேலை பார்த்த கபிரியேல். அந்த எஞ்சினைக் குடல் குந்தாணி எல்லாம் பிரித்துப் புதிதாகப் பூட்டியவன்.

எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்தில் யாகப்பனுடைய அக்கா அந்தோனியம்மாள் வாந்திபேதியில் சாகக் கிடந்தாள். தாய் இல்லாத யாகப்பனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். காலைப் பூசை முடிகிற நேரத்தில் குப்பத்திலிருந்து ஆள் ஓடி வந்து சொன்னான். சாகக் கிடப்பவர்களிடம் சாமியார் போய், செய்த பாவங்களை அவர்கள் வாயால் சொல்கிற பாவசங்கீர்த்தனம் கேட்டு, நன்மை என்கிற திவ்விய அப்பம் கொடுத்து, மந்திரித்த எண்ணெய் பூசுவதை எங்கள் ஜனங்கள் அவஸ்தை கொடுப்பது என்பார்கள். அது கிடைக்காமல் செத்தால் வீட்டார் ஆயுசுக்கும் அதையே சொல்லி அழுவார்கள். சாமியாரின் தோல் பையில் இருந்தது அந்த எண்ணெய்தான்.

"என்ன ஆயிற்று கபிரியேல்?" என்றார் சாமியார். யாகப்பனைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

யோசிப்பதற்கு முன்னால் என் வாய் திறந்துகொண்டது. "எண்ணெய் அடிக்கல சாமி. அக்கா நெனப்புல மறந்துட்டான். உள்ள கருகிப்போச்சி. இனிமே இது ஓடாது."

யாகப்பன் தன் இடது கையைப் பார்த்தான். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் டாங்கியின் மேல் சின்னதாக ஒரு கைப்பம்பு இருக்கும். நாலைந்து மைலுக்கு ஒரு தரம் ஓட்டுகிறவன் அதை அமுக்கி எஞ்சினுக்கு எண்ணெய் இறக்க வேண்டும். அந்தக் கையைத்தான் பார்த்தான். அடித்தேன் என்று அவன் சொல்லவில்லை. "அப்டியா?" என்று மட்டும் கேட்டான்.

சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் நடந்தார். யாகப்பன் அவருக்கு முன்னால் ஓடினான், திரும்பி வந்தான், மறுபடி ஓடினான். இன்னும் இரண்டரை மைல் போக வேண்டும். நான் வண்டிக்குக் காவலாக இருந்துகொண்டேன்.

இத்தனை வாரமும் பீற்றியது போதும்

இந்தப் பத்திரிகைத் தொடரில் பதினோரு வாரமாக என் கைத்திறமையைப் பற்றியே அளந்துகொண்டிருக்கிறேன். நீராவிப் படகுக்கு மரத்தால் தாங்கி செய்து ஓட்டிக் காட்டிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் என்னை மேதை என்று எழுதியிருந்தார். வெட்கக்கேடு. அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

பட்டறையில் எனக்குக் "காத்து பூராத கபிரியேலு" என்று பெயர். நான் பூட்டிய இடத்தில் காற்றுகூடப் புகாது என்று அர்த்தம். இருபத்தைந்து வயதில் ஒருத்தனுக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்தால் அவன் மண்டைக்குள் என்ன ஏறும்? எனக்கும் ஏறியது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. பிஸ்டன் சிலிண்டருக்குள் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, பிஸ்டனுக்கு எண்ணெய் தடவி சிலிண்டரின் வாயில் வைத்துக் கையை எடுத்துவிடுவோம். அது தன் கனத்திலேயே மெல்ல உள்ளே இறங்க வேண்டும். தொபுக்கென்று விழுந்தால் தளர்ச்சி. நின்றுவிட்டால் இறுக்கம். எவ்வளவு நேரத்தில் இறங்க வேண்டும்? எங்களில் பாதிப் பேர் ராயபுரத்துக் கிறிஸ்தவர்கள். மாதாவை நோக்கிச் சொல்கிற பிரியதத்த மந்திரத்தை ஒரு தரம் சாதாரணமாகச் சொல்லி முடிக்கிற நேரம், அதுதான் கணக்கு. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று ஆரம்பித்து ஆமென் சொல்லும்போது பிஸ்டன் அடியில் உட்கார்ந்திருக்கும். முஸ்லிம்களும் இந்துக்களும்கூட அந்த மந்திரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். "எத்தினி பிரியதத்தம்?" என்று கேட்பார்கள். "ஒண்ணு" என்றால் வேலை பாஸ்.

தொட்டி வண்டி

முதல் மகா யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார வியாபாரி அந்த வண்டியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள். ஜனங்கள் அதைத் தொட்டி வண்டி என்றார்கள்.

காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் அது சமர்த்தாகப் போய் வரும். திருவொற்றியூர் தாண்டி மணலில் இறங்கினால் முக்கும். சாமியாரின் கனம் வேறு. எர்ணாவூருக்கு அப்பால் அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போன நாட்கள் உண்டு. ஆனால் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். நான் கை வைக்கிற வரைக்கும் அந்த வண்டியால் யாருக்கும் அவஸ்தை தவறியதில்லை.

வால்வுகளைச் சுத்தம் செய்துகொடு என்றுதான் சாமியார் என்னைக் கேட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஓடினால் போதும் என்றார். நான்தான், இதைக் குதிரையாக்கித் தருகிறேன் சாமி, எண்ணூர் மணலில் ஏரோப்ளேன் மாதிரி போகும் என்று ஆரம்பித்தேன். அவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைத் தெரியும், என் அப்பாவைத் தெரியும். சரி என்றார்.

எஞ்சினுக்கு இழுப்பு கூட வேண்டுமானால் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, சிலிண்டரின் துளையை அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது. ஒவ்வொரு வெடிப்பிலும் அதிகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும். இன்னொன்று, கேமை மாற்றுவது. வால்வைத் தூக்கிவிடுகிற மூக்குள்ள சின்ன இரும்பு வட்டுதான் கேம். அதன் மூக்கு உயர்ந்து அகன்றால் வால்வு அதிகமாகத் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும். நான் இரண்டையும் செய்தேன்.

கேம் வேலையைச் சொல்லும்போது இப்போதும் கை குறுகுறுக்கிறது, என்ன செய்ய. அட்டையில் வடிவம் வெட்டிக்கொண்டு, வட்டின் அடிப்பக்கத்தைச் சாணைச் சக்கரத்தில் அரைத்து மூக்கை எடுப்பாக்கினேன். நாலு நாள் எண்ணெய்க் கல்லில் தேய்த்தேன். பிறகு எலும்புக் கரியும் எரித்த தோலும் போட்டு ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடி, உலையில் பழுக்கவிட்டு, எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தினேன். அந்தத் தோலுக்காக என் பழைய பூட்ஸையே எரித்தேன். பட்டறை முழுக்க இரண்டு நாள் நாற்றம். கேம் மட்டும் கடைசிவரை ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

மூணு பிரியதத்தம்

பிஸ்டன்தான் என் தலையெழுத்தை மாற்றியது. மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலில் அதைக் கண்டுபிடித்தேன். ஏதோ சீமை எஞ்சினுடையது. கையில் எடுத்தபோது ஆச்சரியமாக இருந்தது. கனமே இல்லை. அலுமினியம். அதுவரை நான் தொட்ட பிஸ்டன் எல்லாம் வார்ப்பிரும்பு. அலுமினியத்தில் பிஸ்டன் வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தது அதுதான் முதல் தடவை.

பட்டறைக் கடைசலில் சிலிண்டரைக் கடைந்து கொடுத்தவர் காதர் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் அதிகம் பேசாத மனுஷர். கடைசிச் சுற்று கடைவதற்கு முன்னால் அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"நைனா, இது இரும்பு இல்ல. எங்க வூட்டு அலுமினிய தேக்சாவ இரும்பு வளையத்துல வச்சி அடுப்பேத்தினா, சூட்டுல ஊதி வளையத்த கவ்விக்கும். ஆறினாத்தான் வெளிய வரும். இன்னும் கொஞ்சம் தளத்தி கடையறேன்."

தேக்சா வேறு, பிஸ்டன் வேறு என்று சொல்லிவிட்டேன். பிரியாணி வேலையைப் பட்டறைக்குக் கொண்டு வராதீங்க பாய் என்றும் சேர்த்துச் சொன்னேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் நான் கேட்ட அளவுக்கே கடைந்து கொடுத்தார். இரும்புக்குக் கொடுக்கிற இடைவெளிதான் நான் கேட்டது.

பிஸ்டனை வைத்துக் கையை எடுத்தேன். அது லேசானது. அதனால் மிக மிக மெதுவாக இறங்கியது. ஒரு பிரியதத்தம் முடிந்தது, இரண்டு முடிந்தது, மூன்றாவதில்தான் அடியில் உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். "மூணு பிரியதத்தம்டா கபிரியேலுக்கு" என்று தோளில் தட்டினார்கள்.

எங்கள் பட்டறைக் கணக்கு ஒன்று. அந்தக் கணக்கு வருகிற வரைக்கும் இன்னும் கொஞ்சம் தேய்த்துத் தளர்த்தியிருந்தால், எந்தப் படிப்பும் இல்லாமலேயே, வண்டி பிழைத்திருக்கும். மந்திரம் சரியாகத்தான் சொன்னது. மூன்று என்றால் இறுக்கம் என்று பட்டறைக்குப் புதிதாக வந்தவனுக்குக்கூடத் தெரியும். எனக்கு அது விருதாகத் தெரிந்தது. அப்படியே பூட்டினேன்.

வண்டி என்னவோ பறந்தது. நிற்கும்போது தடுமாறித் தடுமாறித் துடிக்கும். முறுக்கினால் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கும். திருவொற்றியூர் சாலையில் ஒரு மோட்டார் பஸ்ஸைத் தாண்டியபோது யாகப்பன் கத்திச் சிரித்தான். இரண்டு வாரம் ராயபுரத்துக்குள்ளேயே ஓடியது, ஒரு குறையும் இல்லை. சின்னச் சின்ன தூரம். நன்றாகச் சூடேறுவதற்குள் நின்றுவிடும். நீண்ட தூரம் முழு வேகத்தில் அது போனது அந்தோனியம்மாளுக்காகத்தான். அன்றைக்கு எனக்கு அங்கே வேலையே இல்லை. என் எஞ்சின் மணலை எப்படிக் கடக்கிறது என்று பார்ப்பதற்காகப் பின்னால் தொற்றிக்கொண்டேன். பெண்பிள்ளை ஒருத்தி சாகக் கிடக்கிறாள், நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

பின்னால் உட்கார்ந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் யாகப்பன் பம்பை அமுக்கினான். எர்ணாவூரில் மறுபடி அமுக்கினான். அழுதுகொண்டே அமுக்கினான்.

சூடு ஆறியபோது

இப்போது அந்தப் பனைமரத்தடிக்கு வருகிறேன்.

இருவரும் கண்ணுக்கு மறைந்தார்கள். நான் மரத்து நிழலில் உட்கார்ந்தேன். எஞ்சின் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு ஆறியது. கடல் காற்று நன்றாக அடித்தது. கால் மணியோ கொஞ்சம் கூடவோ ஆகியிருக்கும். எழுந்து போய் ஸ்டார்ட் செய்கிற மிதியில் காலை வைத்துச் சும்மா அழுத்தினேன்.

இறங்கியது. ஒரு தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

காதர் பாயின் தேக்சா நினைவுக்கு வந்தது. கருகின எஞ்சின் இப்படி விடாது. எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் சூட்டில் ஊதிக் கவ்வியிருக்கிறது, ஆறியதும் விட்டுவிட்டது. தப்பு யாகப்பனுடையது அல்ல, என்னுடையது.

அந்த நிமிஷம் வண்டியைக் கிளப்பியிருந்தால் அவர்களை நாலு நிமிஷத்தில் பிடித்திருப்பேன். மெதுவாக ஓட்டினால் மறுபடி கவ்வாது. அதுவும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் அப்போது பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். மிதியில் கால் வைத்தபடியே நின்றேன். இது இனிமே ஓடாது என்று சாமியாரிடம் சொன்னவன் நான். ஓட்டிக்கொண்டு போய் நின்றால் அவர் என்ன கேட்பார்? கருகிப்போனது எப்படி ஓடுகிறது என்பார். மூணு பிரியதத்தம் என்ன ஆகும்? காத்து பூராத கபிரியேலு என்ன ஆவான்?

காலை எடுத்துவிட்டேன். நிழலில் போய் உட்கார்ந்தேன். அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தோனியம்மாள் இறந்திருந்தாள். கால் மணி நேரம் இருக்கும் என்று குப்பத்துப் பெண்கள் சொன்னார்களாம். கடைசிவரை நினைவு இருந்ததாம். தம்பி வண்டி சத்தம் கேக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். உயிர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்ற சந்தேகத்தின்பேரில் சாமியார் உடம்புக்கு எண்ணெய் பூசினார். ஆனால் அவள் வாயால் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. நன்மை வாங்கவில்லை. தம்பி முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஒரு மாட்டு வண்டியில் தொட்டி வண்டியை ஏற்றிக்கொண்டு ராயபுரம் வந்தேன். ஓடுகிற வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? "சொந்த அக்காவுக்கே அவஸ்தை கெடைக்காம பண்ணிட்டான்" என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். எண்ணெய் மறந்தான் என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். யாகப்பன் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மணியை மட்டும் நேரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தான்.

நான் வண்டியைப் பிரித்தேன். பிஸ்டனின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறல் விழுந்திருந்தது. காதர் பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சாமியாராண்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லிட்டேன் பாய் என்றேன். அவரும் நம்பினார். பிஸ்டனைத் தேய்த்து ஒரு பிரியதத்தத்துக்குக் கொண்டுவந்து பூட்டினேன். அப்புறம் அந்த வண்டி வருஷக்கணக்கில் நன்றாக ஓடியது. இப்போ ஒழுங்கா எண்ணெய் அடிக்கிறாங்க, ஓடுது பார் என்றார்கள்.

சாமியார் வெகுளிதான், முட்டாள் அல்ல. அந்த வாரத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். எர்ணாவூரில் யாகப்பனுடைய கை டாங்கியின் மேல் போனதாக எனக்கு ஞாபகம், நீ நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டார். உங்கள் பட்டறையில் கடைசல்காரர் ஒருவர் இருக்கிறாராமே, அவரையும் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றார். பார்க்கிறேன் சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு எங்கள் ஜனங்கள் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். விழிக்க வேண்டாம்.

சனிக்கிழமை சாயங்காலம், சாமியார் மறைப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கிற பாவசங்கீர்த்தனத் தட்டியில் போய் முழந்தாள் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பம்பை அவன் அமுக்கியதை, பிஸ்டனை, மிதி இறங்கியதை, நான் உட்கார்ந்திருந்ததை, ஒன்று விடாமல். மனஸ்தாபத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். தட்டிக்குள் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாது, தலை போனாலும் கூடாது. கேட்டதை வைத்து ஒரு காரியமும் செய்யக் கூடாது. ஒரு பார்வையால்கூடக் காட்டக் கூடாது. அது எங்கள் வேதத்தின் சட்டம். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அவர் காதர் பாயைக் கேட்பதற்கு முன்னால் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வாயை அடைப்பதற்காகச் சொன்னேன்.

"யாகப்பனிடம் இதைச் சொல். சொல்லிவிட்டு வா, பாவப்பொறுத்தல் கொடுக்கிறேன்" என்றார் சாமியார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். யாகப்பனிடம் போகவில்லை. சாமியார் அதன் பிறகு என்னிடம் அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காதர் பாயையும் கேட்கவில்லை. நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது.

நாக்கை நீட்டினேன்

அடுத்த மாதம் கோயில் திருநாள். எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் எல்லாரும் பூசைக்கு வந்திருந்தார்கள். திருநாளன்று மாப்பிள்ளைப் பையன் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? என்ன பாவம் செய்தானோ என்று கேட்பார்கள். எழுந்து போய் எல்லாரோடும் வரிசையில் முழந்தாள் போட்டு நாக்கை நீட்டினேன்.

பாவப்பொறுத்தல் இல்லாமல் நன்மை வாங்குவது எப்பேர்ப்பட்ட பாதகம் என்று எங்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். சாமியாருக்குத் தெரியும் எனக்குப் பொறுத்தல் இல்லையென்று. ஆனால் ஊர் முன்னால் எனக்குக் கொடுக்காமல் போனால் தட்டிக்குள் கேட்டதைக் காட்டிக்கொடுத்தது ஆகும். அவரால் தாண்டிப் போக முடியாது. என் முன்னால் வந்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு கொடுத்தார்.

அவருக்குப் பக்கத்தில், அப்பம் கீழே விழாதபடி என் மோவாய்க்குக் கீழே தட்டுப் பிடித்துக்கொண்டு நின்றவன் கோயில்பிள்ளை யாகப்பன்.

ஆறு மாதத்தில் சாமியாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயே இறந்துபோனார். யாகப்பன் கோயில் வேலையை விட்டுவிட்டு எண்ணூர்ப் பக்கம் உப்பளத்துக்குப் போய்விட்டான். வண்டி மட்டுமல்ல, சைக்கிள்கூட அவன் அப்புறம் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

டீ

எனக்கு மனைவி வந்தாள், பிள்ளைகள் பிறந்தார்கள், பட்டறையில் மேஸ்திரி ஆனேன், ஓய்வும் பெற்றேன். இதையெல்லாம் முன் வாரங்களில் விஸ்தாரமாக எழுதித் தொலைத்திருக்கிறேன். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மனசு தாங்காமல் எண்ணூருக்கு ரயில் ஏறினேன்.

யாகப்பன் தன் மகள் வீட்டில் இருந்தான். உப்பில் நின்று நின்று கால் வெடித்துப்போயிருந்தது. ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொன்றும் மங்கல். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டான். நான் சுற்றி வளைக்கவில்லை. அன்னைக்கு நீ எண்ணெய் அடித்தாய், பிஸ்டனை நான்தான் இறுக்கமாகப் போட்டேன், பொய் சொன்னேன் என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "இல்ல கபிரியேலு. நான் அடிக்கல. எனக்கு நல்லா நெனப்பு கீது. அக்கா மூஞ்சிதான் கண்ணு முன்னால நின்னுகினு இருந்துது. கை பம்பாண்டையே போவல."

"நான் பின்னால ஒக்காந்து பாத்தேன் யாகப்பா. கேட்டாண்ட ஒரு வாட்டி, எர்ணாவூராண்ட ஒரு வாட்டி. ரெண்டு வாட்டி அடிச்ச."

அவன் சிரித்தான். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு முன்னால் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். ஒவ்வொரு சாமியாரும் பொறுத்தல் கொடுத்துவிட்டார்களாம். அக்கா பெயரில் பூசையும் வைக்கிறானாம். பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டான்.

"பாத்தியாம்மா, இத்தினி வருசம் கழிச்சி என் பாரத்த தான் தூக்கிக்க வந்துகீறாரு. இந்த மாதிரி மனுசன் எங்க கீறான்? டீ போட்டுக் குடு."

அவன் நம்புகிற மாதிரிச் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. வண்டி ஆறியதும் மிதி இறங்கியது என்று சொல்லியிருக்கலாம். எண்ணெய் இல்லாத எஞ்சின் அப்படி விடாது என்று வண்டி ஓட்டியவனுக்குப் புரியும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் நீ ஏன் வரவில்லை என்பான்.

சொல்லவில்லை. மகள் டீ கொண்டுவந்தாள், இஞ்சி தட்டிப்போட்டு, ஆடை விழுந்த டீ. குடித்தேன். வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வழியனுப்பினான்.

போன மாதம் பத்திரிகை ஆபீசிலிருந்து ஒரு கார்டை எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். எண்ணூரிலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் எழுதியது. பத்தாம் வகுப்புப் படிக்கிறாளாம். யாகப்பனின் பேத்தி. தாத்தாவுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரிவதில்லை, வாராவாரம் நான்தான் உங்கள் கட்டுரையை வாசித்துக் காட்டுகிறேன், பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறார், நீங்கள் ரொம்ப நல்லவர் என்று எல்லாரிடமும் சொல்கிறார், எங்கள் தாத்தாவைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டிருந்தாள்.

எழுதிவிட்டேன் அம்மா. நடுவில் நிறுத்தாமல் வாசி. பக்கத்து வீட்டார் இருந்தால் இருக்கட்டும், அனுப்பிவிடாதே.

யாகப்பா, நீ எண்ணெய் அடித்தாய். நீயும் சாமியும் கண்ணுக்கு மறைந்து கால் மணி நேரத்தில் வண்டி சரியாகிவிட்டது. மிதித்துப் பார்த்தேன், இறங்கியது. அக்கா அப்போது உயிரோடு இருந்தாள். நான் வரவில்லை.